இந்தக் குழம்புக்கு ஊர் சிங்கப்பூர்

மீன் தலைக் கறி, மீ கோரிங், இந்தியன் ரோஜாக், சூப் தூலாங்... சமைத்தவர்கள் நம்மவர்கள்தான். ஆனால் நம் ஊரில் இவை கிடைப்பதில்லை. ஒரு தீவின் அடுப்பில் தமிழ்ச் சமையலுக்கு என்ன நடந்தது?

காலை ஏழரை மணி. சிங்கப்பூர் தேக்கா நிலையத்தின் உணவங்காடியில் தேநீர் ஆற்றுகிறவர் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. காதுதான் வேலை செய்கிறது. "தே ஓ கோசோங்" என்று ஒரு குரல். "தே தாரிக் ரெண்டு" என்று இன்னொன்று. "தே ஹாலியா, பூங்குஸ்" என்று வரிசைக்குப் பின்னாலிருந்து மூன்றாவது.

பிரித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். "தே" என்பது ஹொக்கியன் சீனர்களின் சொல். "ஓ" என்றால் அவர்கள் மொழியில் கறுப்பு. பால் ஊற்றாதே என்று பொருள். "கோசோங்" மலாய்ச் சொல். வெறுமை என்று அர்த்தம், சர்க்கரையும் வேண்டாம். "ஹாலியா" மலாயில் இஞ்சி, "பூங்குஸ்" பொட்டலம். "தாரிக்" என்றால் இழு. நாம் டீயை ஆற்றுகிறோம். மலாய்க்காரர் கண்ணுக்கு அது இழுப்பதாகத் தெரிந்திருக்கிறது. சொற்கள் எவருடையவையாக இருந்தாலும், இழுக்கிற கை பெரும்பாலும் தமிழ்க் கை. இப்படிப்பட்ட தேநீர்க் கடைகளுக்குச் சாலையோரக் காலத்தில் "சராபாட்" கடை என்று பெயர். நமக்குத் தெரிந்த அதே சர்பத்தான் மலாய் நாக்கில் அப்படி ஆனது. அந்தக் கடைகளை நடத்தியவர்களில் பெரும்பாலோர் தமிழ் முஸ்லிம்கள்.

பக்கத்து மேசையில் ஒரு முதியவர் எதிரில் வந்து உட்கார்ந்தவரிடம் கேட்கிறார்: "பசியாறிட்டீங்களா?" சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் காலைச் சிற்றுண்டிக்குப் பசியாறல் என்று பெயர். டிபன் என்ற சொல்லை நம் ஊர் பிடித்துக்கொண்டபோது, கடல் தாண்டிப் போனவர்கள் தமிழ்ச் சொல்லைக் கைவிடாமல் வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் பசியாறுகிற தட்டில் இருப்பது பல நேரங்களில் நம் ஊர்க்காரர் பார்த்தே இராத பண்டம். சொல்லைக் காத்தவர்கள் சாப்பாட்டை மாற்றிக்கொண்டது ஏன்?

ஆண்கள் வந்த கப்பல்

மத்தியதரைக் கடலில் சிசிலி என்றொரு தீவு. கிரேக்கர், ரோமர், அரபியர், நார்மன்கள், ஸ்பானியர் என்று ஆள் மாற்றி ஆள் ஆண்ட மண். 9-ஆம் நூற்றாண்டில் வந்த அரபியர் எலுமிச்சையையும் கரும்பையும் நெல்லையும் அங்கே வேரூன்ற வைத்தார்கள். வட ஆப்பிரிக்காவின் கூஸ்கூஸ், தீவின் மேற்குக் கரையில் திராப்பனி நகரத்தில் இன்றும் மீன் குழம்போடு பரிமாறப்படுகிறது. அதை அங்கே யாரும் வெளியூர்ச் சாப்பாடு என்று சொல்வதில்லை.

துறைமுகத் தீவுகளின் சமையல் இப்படித்தான் உருவாகிறது. சிசிலிக்கு அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. சிங்கப்பூருக்கு இருநூறு ஆண்டே போதுமாக இருந்தது. இன்னொரு வேறுபாடும் உண்டு. சிசிலியின் சமையலை மாற்றியவர்களில் பலர் ஆள வந்தவர்கள். சிங்கப்பூரின் சமையலை மாற்றியவர்கள் மூட்டை தூக்க வந்தவர்களும் கடை போட வந்தவர்களும்.

1819-இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் இந்தத் தீவில் வணிகத் தளம் அமைத்தபோது, அதே ஆண்டு பினாங்கிலிருந்து அவரோடு வந்து இறங்கியவர் நாராயண பிள்ளை. சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோவில் எழக் காரணமாக இருந்தவர். அதே சாலையில் 1826-இல் சோழமண்டலக் கரை முஸ்லிம்களான சூலியாக்கள் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவினார்கள். கடலோரமாக இருந்த தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா எழுந்தது. மார்க்கெட் தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் வந்தன. 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகள் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டு, சாலை போடவும் கட்டடம் எழுப்பவும் வைக்கப்பட்டார்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்களிலும் மாட்டுக் கொட்டில்களிலும் வேலை கிடைத்தது. லிட்டில் இந்தியா என்று சுற்றுலாப் பலகை சொல்லும் இந்தப் பகுதிக்குப் பழைய தமிழ்ப் பெயர் சுண்ணாம்புக் கம்பம். தேக்கா என்ற பெயரோ ஹொக்கியனிலிருந்து வந்தது. மூங்கிலடி என்று பொருள்.

வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். 1931 குடிக்கணக்கெடுப்பில்கூட, சிங்கப்பூர் இந்தியர்களில் ஐந்து ஆண்களுக்கு ஒரு பெண் என்ற அளவில்தான் இருந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆளேற்றிக்கொண்டு வந்த ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்தவர்கள், அம்மா சமையலின் ருசியை நாக்கில் கொண்டுவந்தார்கள். அம்மாவைக் கொண்டுவரவில்லை.

இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டால் சிங்கப்பூர்த் தமிழ்ச் சாப்பாட்டின் கதை முழுவதும் புரிந்துவிடும். ஒரு குழம்பு மாறுவதற்கு இரண்டு வழிகள்தான் இருக்கின்றன. சாப்பிடுகிறவர் மாற வேண்டும். இல்லாவிட்டால் சமைக்கிறவர் மாற வேண்டும். சிங்கப்பூரில் இரண்டும் நடந்தன. இரண்டும் நடக்காத இடங்களில் குழம்பும் மாறவில்லை.

சீனர் நூடுல்ஸ், தமிழர் சட்டி

மீ கோரிங்கிலிருந்து தொடங்கலாம். "மீ" ஹொக்கியன், "கோரிங்" மலாயில் வறுவல். சீனர்கள் கொண்டுவந்த தடித்த மஞ்சள் நூடுல்ஸ். அதில் ஆட்டிறைச்சித் துண்டு, உருளைக்கிழங்கு, தவ்ஹூ என்கிற சோயாக் கட்டி, முளைப்பயறு, முட்டை, பச்சைப் பட்டாணி, மிளகாய் விழுது, வெள்ளைக்காரர் பாட்டிலில் கொண்டுவந்த தக்காளி சாஸ். எல்லாம் சேர்ந்து சட்டியில் செக்கச் சிவந்து புரளும். இதைக் கண்டுபிடித்தவர்கள் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள். சீனர் கடையில் இது கிடையாது. இந்தியாவில் எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் சிங்கப்பூரில் இதற்குப் பெயர் "இந்தியன் மீ கோரிங்".

ஏன் நூடுல்ஸ்? காரணம் எளியது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களில் பெரும்பகுதி சீனர்கள். கடைக்கு முன்னால் பசியோடு நிற்பவன் சோறு கேட்கிறானா, மீ கேட்கிறானா என்று பார்த்து அடுப்பு மூட்டுகிறவன்தான் வியாபாரி. ஊரிலிருந்து வந்தது மசாலாப் பக்குவம். மற்றதெல்லாம் பக்கத்துக் கடைச் சரக்கு.

இந்தியன் ரோஜாக் இதைவிட ஒரு படி மேலே போகிறது. "ரோஜாக்" என்றாலே மலாயில் கலவை. கண்ணாடிப் பெட்டிக்குள் பலகாரங்களை அடுக்கி வைத்திருப்பார்கள். இறால் பதித்த வடை, தேங்காய் உருண்டை, மாவுருண்டை, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு, கணவாய் எல்லாம் இருக்கும். நடுவே சீனருடைய தவ்ஹூவும் ஜாவாக்காரருடைய தெம்பே என்கிற புளிக்கவைத்த சோயாவும் இருக்கும். வேண்டியதைக் காட்டினால் மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்து, துண்டு துண்டாக வெட்டித் தட்டில் குவித்து, வெள்ளரியும் வெங்காயமும் வைத்துத் தருவார்கள். தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்துக் கெட்டியாக்கிய இனிப்புக் காரக் குழம்பு.

நம் ஊர் டீக்கடை வாசலில் வாழைக்காய் பஜ்ஜியும் வடையும் அடுக்கியிருக்கும் தட்டு நினைவுக்கு வருகிறதா? அதேதான். தொட்டுக்கொள்ளும் சட்னி மட்டும் தீவின் நாக்குக்கு ஏற்றபடி இனிப்பாகிவிட்டது. வாட்டர்லூ தெருவில் வரிசையாக இருந்த ரோஜாக் கடைகளைப் பற்றி இன்றும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் சீனர்கள்.

இந்தச் சட்டிகளில் விழுந்த மசாலாவுக்குப் பின்னால் ஓர் ஊர்க் கதையும் இருக்கிறது. தென்காசி வட்டாரத்துக் கடையநல்லூரிலிருந்து நெசவுத் தொழில் நலிந்து புறப்பட்ட முஸ்லிம்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர்த் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரில் குடியேறினார்கள். மற்றவர்களைப் போல இல்லாமல் இவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். ஆண்கள் துறைமுகத்துக்குப் போக, பெண்கள் அம்மி போட்டு மசாலா அரைத்து விற்றார்கள். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளிக்கூடமும் வந்தது. நம் பெண்கள் அரைத்த மசாலாதான் பல மலாய், சீன வீடுகளின் கறிச்சட்டிக்குள் போனது. ஈரச்சந்தையில் அரைத்த மசாலா விற்கும் கடையில் இன்றும் கேட்கும் முதல் கேள்வி, "மீனா, கோழியா, ஆடா?" என்பதுதான். சொன்னால், மிளகாய் இத்தனை, மஞ்சள் இத்தனை, மல்லி இத்தனை என்று விழுதுகளை அள்ளிக் கலந்து பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். குழம்பு வைக்கத் தெரியாதவர்களுக்கும் குழம்பைக் கொண்டு சேர்த்த வித்தை அது.

தலைக்கு வந்த மரியாதை

சிங்கப்பூரின் அடையாளச் சாப்பாடு எது என்று கேட்டால், கோழிச் சோறு, சில்லி நண்டு, லாக்ஸா என்று வரும் பட்டியலில் மீன் தலைக் கறி தவறாமல் இடம் பிடிக்கும். அதை முதலில் கடைச் சாப்பாடாக்கியவர் எம்.ஜே. கோமஸ் என்ற மலையாளி. 1940-களின் இறுதி, 1950-களின் தொடக்கம் என்று சொல்லத்தக்க காலத்தில், சோஃபியா சாலையில் இருந்த அவருடைய சிறிய கடையில் அது பிறந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு.

மீன் தலை நமக்குப் புதிதில்லை. கடற்கரை ஊர்களில் குழம்பில் துண்டங்களோடு தலையும் கிடக்கும்; வீட்டுக்குப் பெரியவர் தட்டில் விழும். ஆனால் சங்கரா இனத்துப் பெரிய மீனின் தலையை மட்டும் எடுத்து, புளியும் மசாலாவும் கூட்டிய குழம்பில் வெண்டைக்காய், கத்தரிக்காய், தக்காளியோடு வேகவைத்து, சட்டியோடு மேசை நடுவில் கொண்டுவந்து வைப்பது நம் வழக்கமல்ல. மீன் தலையைத் தனிப் பண்டமாக மதித்து, கன்னத்துச் சதையையும் கண்ணையும் விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் சீனர்கள். கோமஸ் அதைக் கவனித்தார். சீனர் மதிக்கும் உறுப்பை மலையாளக் குழம்பில் போட்டார். கடைக்குக் கூட்டம் வந்தது.

பிறகு இந்தக் கறிக்கு ரேஸ் கோர்ஸ் சாலை தலைநகரமானது. குதிரைப் பந்தயத் திடல் 1933-இல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டாலும், சாலைக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1969-இல் தொடங்கிய முத்தூஸ் கறி, 1974-இல் தொடங்கிய பனானா லீஃப் அப்போலோ ஆகியவை இங்கே மீன் தலைக்கறிக்குப் பேர்போனவை. மதிய நேரத்தில் எட்டிப் பார்த்தால், வாழையிலை போட்டு உட்கார்ந்திருக்கும் சீனக் குடும்பங்களைப் பார்க்கலாம். பாட்டி கண்ணைத் தோண்டி எடுத்துப் பேரனுக்குக் கொடுப்பாள். சீனர் உணவகங்களிலும் இன்று அவரவர் பாணியில் மீன் தலைக் கறி உண்டு. அசாம் என்று புளிப்பைக் கூட்டியும், தேங்காய்ப்பாலை அதிகமாக்கியும் வைக்கிறார்கள். கடன் வாங்கியவர் யார், கொடுத்தவர் யார் என்று கணக்குப் பார்க்க முடியாத இடத்துக்கு அந்தத் தலை போய்ச் சேர்ந்துவிட்டது.

எலும்பும் ரொட்டியும் ஜானும்

கடற்கரைச் சாலையில் கோல்டன் மைல் உணவங்காடி. இரவு எட்டு மணிக்கு மேல் போனால், முழங்கை வரை சிவந்த கைகளோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கலாம். சூப் தூலாங் மேரா. தூலாங் என்றால் எலும்பு, மேரா என்றால் சிவப்பு. கறி கழித்த ஆட்டெலும்புகளைத் தக்காளியும் மிளகாயும் முட்டையும் கூட்டிய செக்கச்சிவந்த குழம்பில் புரட்டித் தருகிறார்கள். எலும்பைத் தட்டி, உறிஞ்சுகுழல் வைத்து மஜ்ஜையை உறிஞ்ச வேண்டும். மீந்த குழம்பை ரொட்டியால் துடைத்தெடுக்க வேண்டும். 1950-களில் இந்திய முஸ்லிம் கடைகளில் தோன்றியது. இறைச்சிக் கடையில் விலைபோகாத எலும்பு காசாகிற சாமர்த்தியம் இதில் இருக்கிறது. ஏழையின் கணக்கில் பிறந்த பண்டத்தை இன்று காரில் வந்து இறங்குகிறவர்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் நார்த் பிரிட்ஜ் சாலை. சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908-இல் தொடங்கிய ஜம்ஜம் உணவகம். கடை வாசலில் மாவை வீசி விரித்து, முட்டையும் வெங்காயமும் கொத்திய ஆட்டிறைச்சியும் பரப்பி மடித்து, கல்லில் போட்டுப் புரட்டுவது முர்தபா. மடித்தது என்று பொருள்படும் அரபுச் சொல்லின் மரூஉ. அரபு நாட்டுப் பண்டம், கேரளக்காரர் கடை, மலாய் வாடிக்கையாளர். அதே சாலையில் இஸ்லாமிக் ரெஸ்டாரன்ட் 1921-இல் தொடங்கப்பட்டது. சிங்கப்பூரின் பெரும் அரபுச் செல்வக் குடும்பமான அல்சகாஃப் வீட்டில் தலைமைச் சமையல்காரராக இருந்த அப்துல் ரகுமான் தொடங்கிய கடை, பிரியாணிக்குப் பேர்போனது.

ரொட்டி பிராட்டாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் சிங்கப்பூர்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். நம் ஊர் பரோட்டாவைச் சுருட்டி, கல்லில் போட்டு, கடைசியில் இரு கையாலும் அடித்து உதிர்ப்பார்கள். அங்கே வீசி மடித்துத் தட்டையாகச் சுடுகிறார்கள். எதுவும் வைக்காத வெறும் பிராட்டாவுக்கும் "கோசோங்" என்றுதான் பெயர். கூடவே மீன் குழம்போ, பருப்பும் எலும்பும் சேர்ந்த தால்ச்சாவோ வரும். குழந்தைகள் சர்க்கரை தொட்டுச் சாப்பிடுவார்கள். நள்ளிரவு தாண்டியும் கூட்டம் கலையாத பிராட்டாக் கடைகளால் பேர் பெற்ற ஜாலான் காயு என்ற சாலையே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மகுடம் ரொட்டி ஜான். நீள ரொட்டியைப் பிளந்து, முட்டையும் கொத்திய இறைச்சியும் வெங்காயமும் அடித்த கலவையில் கவிழ்த்துச் சுட்டுத் தருவது. இந்தியக் கடைக்காரர் ஒருவர், கடைக்கு வந்த வெள்ளைக்காரனுக்காகச் செய்துகொடுத்தது என்பது செவிவழிக் கதை. வெள்ளைக்காரன் எவனானாலும் அவன் பெயர் ஜான் என்று அன்று பேச்சு. கதை எந்த அளவுக்கு உண்மையோ, அதன் உட்பொருள் முழு உண்மை. இந்தத் தீவில் பண்டத்துக்குப் பெயர் வைத்தவன் சமைத்தவன் இல்லை, சாப்பிட்டவன்.

மாறாத இலை

சாப்பிடுகிறவர் நம்மவராகவே இருந்த இடத்தில் சமையல் அசையவில்லை. செலிகி சாலையில் 1924-இல் தொடங்கிய ஆனந்த பவன், சிங்கப்பூரின் மிகப் பழைய இந்திய சைவ உணவகம். இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு ஆண்டில், 1947-இல் சிராங்கூன் சாலையில் வந்தது கோமள விலாஸ். ஜப்பானியர் ஆட்சியில் மூன்றரை ஆண்டு மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த ஊரில், இட்லியும் தோசையும் சாம்பாரும் மணக்க ஆரம்பித்தது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீடு வாசல் இல்லாமல் அறையெடுத்துத் தங்கிய ஆண்களுக்கு இந்தக் கடைகள்தான் வீடு. வீட்டில் யாரும் தோசையில் புதுமை கேட்பதில்லை.

கிட்டங்கிச் செட்டியார்களும் சமையல்காரரை ஊரிலிருந்தே கூட்டிவந்து செட்டிநாட்டுச் சாப்பாடே சாப்பிட்டார்கள். எழுத்தராகவும் அதிகாரிகளாகவும் வந்த இலங்கைத் தமிழர்கள் 1910-இல் தங்களுக்குச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். சிலோன் சாலையில் செண்பக விநாயகர் கோவில் அவர்களுடையது. புட்டும் சொதியும் யாழ்ப்பாணத்துப் பக்குவத்தில் அவர்கள் வீட்டு அடுப்பில் நீடித்தன. பெண்கள் உடன் வந்த வீடுகளில் அம்மியும் உடன் வந்தது.

அம்மா மாறினால்

இப்போது இரண்டாவது வழி. சமைக்கிறவர் மாறுவது.

மலாக்கா சுல்தான்கள் காலத்தில், 15-ஆம் நூற்றாண்டில், அங்கே வணிகம் செய்யப் போன தமிழர்கள் சிலர் உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் மலாக்கா சிட்டிகள். வீட்டு மொழி மலாய், உடை மலாய்ப் பாணி, சமயம் சைவம். 1781-இல் அவர்கள் மலாக்காவில் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோவில் இன்றும் இருக்கிறது. வேலை தேடிச் சிங்கப்பூருக்கு வந்த சிட்டிகள் இங்கே ஒரு சங்கம் அமைத்திருக்கிறார்கள். கேம்பெல் லேனில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் அவர்களைப் பற்றித் தனிக் கண்காட்சியே நடத்தியது.

கடைக்காரரின் சமையல் வாடிக்கையாளரால் மாறியது. சிட்டிகளின் சமையல் அம்மாவால் மாறியது. தமிழ் அப்பாவின் புளியும் வெந்தயமும் கடுகும், மலாய் அம்மாவின் பெலாச்சான் இறால் விழுதோடும் எலுமிச்சம்புல்லோடும் தேங்காய்ப்பாலோடும் ஒரே சட்டியில் சேர்ந்தன. பாராங் மீனை வைத்துச் செய்யும் பிண்டாங் குழம்பு அப்படிப்பட்டது. போகியன்று அவர்கள் முன்னோருக்குப் படைக்கிறார்கள். "பர்ச்சு பொங்கல்" என்று பெயர். வாழையிலை போட்டு விளக்கேற்றித் தமிழ் முறையில் படைக்கிற அந்த இலையில் நாசி லெமாக் என்கிற மலாய்த் தேங்காய்ப்பால் சோறும் இடம்பெறும். தமிழ் மறந்து பல தலைமுறை ஆயிற்று; தாத்தாவுக்கு இலை போடுவதை மறக்கவில்லை. தாத்தாவுக்குப் பிடித்ததைப் பாட்டியின் கைப்பக்குவத்தில் படைக்கிறார்கள். அதில் எது கலப்படம், எது அசல் என்று அந்தத் தாத்தா வந்து சொன்னால்தான் உண்டு.

கொடுத்தது எத்தனை

வாங்கியதைச் சொன்னேன். கொடுத்ததை மலாய் அகராதி சொல்லும். கறி அங்கே "காரி". அப்பம் "அப்பாம்". புட்டு "புத்து". கஞ்சி "காஞ்சி". மாங்காய் "மங்கா". அதையெல்லாம் விற்கிற கடை "கெடாய்". ஏற்றிவந்த கப்பல் "காப்பால்". சரக்கு வைத்த பெட்டி "பெத்தி". ஒரு துறைமுகத்தின் கொடுக்கல் வாங்கல் முழுவதும் இந்த எட்டுச் சொற்களில் அடங்கிவிடுகிறது.

இடியப்பம் அங்கே "புத்து மாயம்". துருவிய தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் தூவித் தருகிறார்கள். தட்டையான கிண்ணத்தில் அவித்து நடுவில் பனைவெல்லம் வைத்த "புத்து பீரிங்" மலாய்க்காரருக்கு அவர்களுடைய சொந்தப் பலகாரம். பெயரில் மட்டும் நம் புட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1956-இல் மெக்கன்சி சாலையில் ரெக்ஸ் திரையரங்கின் அருகே ஹைனான் சீனர் ஒருவர் கறி வைத்த பஃப் விற்கத் தொடங்கினார். அதுதான் இன்று தீவெங்கும் கிளை பரப்பியிருக்கும் ஓல்ட் சாங் கீ. மாவு வெள்ளைக்காரர் பாணி, உள்ளே இருப்பது நம் கறி உருளைக்கிழங்கு, விற்றவர் சீனர். திரையரங்குகளின் வாசலில் காகிதக் கூம்பில் கடலையும் பட்டாணியும் முறுக்கும் விற்ற "காச்சாங் பூத்தே"க்காரர்கள் மட்டும் கடைசிவரை தமிழர்களாகவே இருந்தார்கள்.

ஊருக்குத் திரும்பி வந்த சரக்கும் உண்டு. செட்டிநாட்டுத் திருமண விருந்தில் கவுனி அரிசி இல்லாமல் இனிப்பு உண்டா? கறுத்துப் பளபளக்கும் அந்த அரிசி பர்மாவிலிருந்து செட்டியார்களோடு வந்தது. இன்று அதை வெளிநாட்டு அரிசி என்று காரைக்குடியில் சொல்லிப் பாருங்கள். இலையை விட்டு எழுப்பிவிடுவார்கள். அதே நியாயத்தை மீ கோரிங்குக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

தோசையை நாளைக்கு வையுங்கள்

1960-களின் கடைசியில் சிங்கப்பூர் அரசு தெருக்கடைகளைக் கணக்கெடுத்து, பிறகு படிப்படியாக உணவங்காடி நிலையங்களுக்குள் கொண்டுவந்தது. 1986-க்குள் அந்த வேலை முடிந்தது. குழாயடி, சாக்கடை வசதி, கூரை எல்லாம் வந்தன. அதைவிட முக்கியமான ஒன்றும் நடந்தது. சீனர், மலாய்க்காரர், தமிழர் கடைகள் ஒரே கூரைக்குக் கீழே அடுத்தடுத்து அமைந்தன. ஒரே மேசையில் மூன்று கடைச் சாப்பாடு வைத்துச் சாப்பிடுவது பழக்கமானது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிக் கலாசாரத்தை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2022-இல், பினாங்குத் தமிழரான மனோ தேவர் நடத்தும் "தேவர்" உணவகத்துக்கு மிச்சலின் வழிகாட்டி இரண்டு நட்சத்திரம் கொடுத்தது.

இவ்வளவு புகழுக்கு நடுவே ஒரு கவலையும் இருக்கிறது. உணவங்காடிகளில் அடுப்படியில் நிற்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அறுபதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். விடிகாலையில் எழுந்து இரவு வரை நிற்கும் வேலைக்குப் படித்த பிள்ளைகள் வருவதில்லை. தோசைக்கு இதனால் ஆபத்தில்லை. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ மாவு அரைக்கத் தெரிந்த ஆள் வந்துவிடுவார். ஆனால் ரோஜாக் குழம்பைக் கலக்கவும் சூப் தூலாங்கைப் பதமாகப் புரட்டவும் ஊரிலிருந்து யாரைக் கூட்டிவருவது? அதைச் சமைக்கத் தெரிந்த ஊர் நம் நாட்டில் இல்லை. கடைக்காரர் பிள்ளை கற்றுக்கொள்ளாவிட்டால், அந்தப் பக்குவம் அவரோடு முடிந்துவிடும்.

சிங்கப்பூர் போய்வரும் நம்மவர்கள் திரும்பி வந்து பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: "அங்கேயும் நம்ம ஊர் மாதிரியே இட்லி, தோசை கிடைக்குது." கிடைக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் நான்கு மணி நேரம் பறந்துபோய் அதைச் சாப்பிட்டு வருவதில் என்ன இருக்கிறது? வீட்டை விட்டு வந்த ஆண்கள், மொழி தெரியாத பக்கத்து ஆளின் பசியைப் பார்த்துச் சமைத்த சாப்பாடு ஒன்று அங்கே இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோன பக்குவத்தில், சீனர் சரக்கில், மலாய்ப் பெயரில் அது இருக்கிறது. அதுவும் தமிழ்ச் சாப்பாடுதான். சொந்த ஊர் எது என்று கேட்டால் சிங்கப்பூர் என்று சொல்லும், அவ்வளவுதான்.

அடுத்த முறை தேக்காவுக்குப் போனால் தோசையை மறுநாளைக்கு வையுங்கள். முதல் நாள் ஒரு தட்டு ரோஜாக், ஒரு தே தாரிக். தேநீரைக் கொடுத்துவிட்டுக் கடைக்காரர் "எந்த ஊர்?" என்று கேட்பார். பதில் சொல்லிவிட்டு, அவர் ஊரையும் கேளுங்கள்.